டாக்டர் தாலிமெரென் ஆவோ

சிறுமலையின் மேற்குச் சரிவில் அந்தி வெயில் படிந்திருந்த பொழுது, காந்திகிராமத்தை அடுத்த வெளியொன்றில் சிறுவர் சிலர் பந்தாடிக் கொண்டிருந்ததைக் கண்டோம். விடுமுறைக்கு யாம் ஊர் வந்திருந்த நாட்களில் ஒன்று அது. ஆடினவர் எண்மரோ ஒன்பதின்மரோ இருக்கலாம். இலக்குக் கம்பங்கள் அவர்களுக்கு இல்லை. தத்தம் செருப்புக்களைக் கழற்றி இருபுறமும் குவித்து, அக்குவியல்களையே இலக்கின் எல்லைகளாக வைத்திருந்தனர். ஆகவே ஆடினவர் அனைவரும் வெறுங்காலராகவே இருந்தனர் என்பது சொல்லாமலே அமையும். முள்ளும் சரளையும் நிறைந்த அவ்வெளியில் அவர்கள் ஓடிய ஓட்டத்தைக் கண்டு, கடையில் விலைகொடுத்து வாங்கிய ஆட்டச் செருப்போடு கல்லூரிக் களத்தில் இடறி விழும் எம்மை எண்ணிச் சிறிது நாணினோம்.

அக்காட்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். வெறுங்காலோடு பந்தாடிய ஓர் அணியை 1948ஆம் ஆண்டில் இலண்டன் மாநகருக்கு நடத்திச் சென்ற தலைவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் பெயர் தாலிமெரென் ஆவோ. நம் நாட்டின் வடகிழக்கு மூலையில், நாகர் மலையில் பிறந்தவர், கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மைந்தர், தொழிலால் மருத்துவர். தமிழ் மாணவராகிய யாம் நாகர் மலை வரையில் ஏன் செல்லவேண்டும் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். எம் விடுதியில் நாள்தோறும் நிகழும் பூசலொன்றே அதற்குக் காரணம். ஆடுவோர் படியார், படிப்போர் ஆடார் என்பது அங்கே பலரும் ஏற்றுக்கொண்ட முடிபு. தேர்வுக்கு முந்திய வாரத்தில் மாவட்ட அணிக்கு ஆடப் போகலாமா கூடாதா என்று எம் அறைத் தோழர் ஒருவர் மூன்று இரவு உறங்காமல் கிடந்தார். அவர் தகப்பனாரோ நிலத்தை ஒற்றி வைத்துப் படிக்க அனுப்பியவர். அவருக்கு யாம் கூறிய அறிவுரை ஒன்றும் பயன்படவில்லை. கூறினவர்க்கே அதில் நம்பிக்கை இல்லாதிருந்ததே அதற்குக் காரணம். அப்பொழுதுதான் ஆவோவின் வரலாறு எம் கைக்கு எட்டியது.

ஆவோ 1918ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், அந்நாளில் அஸ்ஸாம் மாகாணத்தைச் சேர்ந்திருந்த நாகர் மலை மாவட்டத்தின் சாங்கி என்னும் ஊரில் பிறந்தார். அது இந்நாள் நாகாலாந்து மாநிலத்தின் மோகோக்சுங் மாவட்டத்தில் உள்ளது. ‘ஆவோ’ என்பது அவர் பிறந்த நாகர் குலத்தின் பெயர். நம்மூர்ப் பெயர்களில் தந்தையின் முதலெழுத்து முன்னே நிற்பதுபோல, அவர்களிடையே குலப்பெயர் பின்னே நிற்கும். தந்தையார் சுபொங்வாதி என்பவர். அமெரிக்க பாப்திஸ்து மிஷனார் 1894இல் இம்பூர் என்னும் இடத்தில் ஒரு நிலையம் அமைத்து, பள்ளியும் மருத்துவச் சாலையும் நடத்தி வந்தனர். சுபொங்வாதியார் அவ்விடத்துத் திருச்சபையில் போதக ஊழியம் செய்தமையால், குடும்பம் முழுவதும் இம்பூர் மிஷன் வளாகத்திற் குடியேறியது. மக்கள் பன்னிருவர், அவருள் ஆவோ நான்காமவர். பன்னிரு குழந்தைகள் உள்ள போதகர் வீட்டில் தோற்பந்துக்குப் பணம் ஏது? துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தாலேயே ஆவோ ஆடிப் பழகினார் என்பர். மலைச்சரிவில் ஆடுவார்க்கு ஒரு பயிற்சி தானே வாய்க்கும்: பந்தைத் தவறவிட்டால் அது பள்ளத்தாக்கில் உருண்டோடிவிடும், ஆகவே தவறவிடாமையே அங்கே முதற் பாடம்.

இம்பூரில் தொடக்கக் கல்வி முடித்து, அஸ்ஸாம் சமவெளியில் உள்ள ஜோர்ஹாட் நகரின் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அவர் அங்கே பயிலும்பொழுது, 1935ஆம் ஆண்டில், தந்தையார் டைபாய்டுச் சுரத்தால் இறந்தார். ஆவோவுக்கு அப்பொழுது வயது பதினேழு. அச்சுரத்தைத் தீர்க்கும் மருந்து அக்காலத்தில் எந்நாட்டிலும் இல்லை. நல்ல செவிலியம், கொதித்தாறிய நீர், கஞ்சி, இவையன்றி மருத்துவர் கொடுக்கத் தக்கது ஒன்றுமில்லாத நாட்கள் அவை. தம் மகன் மருத்துவம் கற்று, தம் மலைமக்களுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்பதே தந்தையாரின் விருப்பமாக இருந்தது. இவ்விருப்பத்தை வாசகர் நினைவில் இருத்துக. இதன் பின் நிகழ்ந்தன எல்லாம் இதனைச் சுற்றியே நிகழ்ந்தன.

குவாஹாட்டி நகரின் காட்டன் கல்லூரியில் ஆவோ பயின்ற காலத்தில் அவர் ஆட்டம் வெளிப்பட்டது. மகாராணா கழகம் என்னும் அவ்வூர் அணியில் ஆடினார். முதலில் முன்வரிசையில் நின்று பந்தை இலக்கிற் செலுத்துபவராக இருந்தவர், பின்னர் இடைவரிசைக்கு மாறினார். இவ்விடத்தை ஆங்கிலேயர் ஹாஃப்-பேக் என்பர். ஆட்டம் அறியாத அன்பர்க்காக ஒரு சொல் கூறுவோம். முன்வரிசையார் போடும் கோல்கள் செய்தித்தாளில் வரும். காவலர் தடுத்த பந்துகள் கூட்டத்தாற் புகழப்படும். இடைவரிசையார் செய்யும் வேலையோ எக்கணக்கிலும் ஏறாது. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, தம்மவருள் யார் தனித்து நிற்கிறார் என நோக்கி, அவர்பால் அனுப்பிவிட்டு, மீண்டும் பின்னே ஓடுவதே அவர் தொழில். பெயர் பெறுவதற்கு ஏற்ற இடமன்று அது. முன்வரிசையை விட்டு அவ்விடத்திற் சென்று நின்றவரின் இயல்பு எத்தகையது என்பதை அவர் பிற்காலமும் காட்டும்.

1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1916இல் அப்பெயர் பெற்ற இக்கல்லூரி, 1948 முதல் இராதா கோவிந்த கர் என்னும் மருத்துவர் பெயரால் வழங்குகிறது. மறு ஆண்டே, அதாவது 1943இல், மோகன் பகான் கழகம் அவரைத் தன் அணியிற் சேர்த்துக்கொண்டது. 1889இல் தோன்றிய இக்கழகத்தின் பெருமையை அறியாதார் கல்கத்தாவில் இலர். 1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளையர் அணியை 2-1 என்னும் கணக்கில் வென்றது அது. வென்றவருள் பதின்மர் வெறுங்காலர். பூட்ஸ் அணிந்திருந்தவர் ஒருவரே. பிற்காலத்தில் குருத்துவம் ஏற்ற சுதீர் சட்டர்ஜி என்பவர் அவர். கிறிஸ்தவருக்கும் பூட்ஸுக்கும் ஏதோ தொடர்பு உண்டென்று எம் விடுதித் தோழர் இதைக் கேட்டு நகைத்தனர். அந்நகைப்பை ஆவோவின் அணி முப்பத்தேழு ஆண்டுகட்குப் பின் பொய்யாக்கியது என்க.

பச்சையும் அரக்கும் கலந்த மோகன் பகான் உடையில் ஆவோ ஆடிய காலம் எத்தகையது என்பதையும் கருதல் வேண்டும். 1943இல் வங்கத்தில் பெரும்பஞ்சம். கல்கத்தாத் தெருக்களிலே கஞ்சிக்கு ஏங்கி மக்கள் மடிந்தனர். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர் பிறந்த நாகர் மலையிலேயே போர். கோஹிமா நகரைச் சூழ்ந்த ஜப்பானியப் படைக்கும் ஆங்கில இந்தியப் படைக்கும் மிகக் கொடிய சண்டை நடந்த இடம் எது தெரியுமா? துணைக் கமிஷனர் மாளிகையின் டென்னிஸ் ஆடுகளம்! ஒரு பக்கத்தில் இவர்கள் பதுங்குகுழி, மறு பக்கத்தில் அவர்கள் பதுங்குகுழி. பந்து பறந்த வலைக்கு மேலாகக் கைக்குண்டுகள் பறந்தன. இன்று அவ்விடம் போர் மடிந்தோரின் கல்லறைத் தோட்டமாக விளங்குகிறது. 1,420 கல்லறைகள் உள்ளன. பழைய ஆடுகளத்தின் எல்லைக் கோடுகளைக் கான்கிரீட்டால் அமைத்துக் காத்து வருகின்றனர். மோகன் பகானுக்கு ஆடிக்கொண்டிருந்த மருத்துவ மாணவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து ஊழியம் செய்யப் போன ஊர் இக்கோஹிமாவே.

நிற்க. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், இலண்டனில் ஒலிம்பிக் விழா நடந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் மூவண்ணக் கொடி ஒலிம்பிக் அணிவகுப்பில் முதன்முறை சென்றது அப்பொழுதே. ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் வெம்பிளித் திடலில் அக்கொடியை ஏந்திச் சென்றவர் காற்பந்து அணித்தலைவராகிய ஆவோ. துணிப்பந்தில் ஆடிய இம்பூர்ப் போதகர் மகன் அவ்விடத்து நின்றதை அவர் தந்தையார் காணவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 31இல், இலண்டனின் கிழக்கே இல்போர்டு என்னும் இடத்தில் பிரெஞ்சு அணியோடு ஆட்டம். நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலர். சிலர் கணுக்காலிலும் புறவடியிலும் துணிப்பட்டை மட்டுமே சுற்றியிருந்தனர். பிரெஞ்சுக்காரர் 30ஆம் நிமிடத்தில் ஒரு கோல் இட்டனர். நம் அணிக்குப் பெனால்டி உதை இருமுறை கிடைத்தது. பெனால்டி என்பது இலக்குக் காவலரைத் தவிர வேறெவரும் தடுக்காத உதை. பன்னிரண்டு கெஜ தூரத்தில் பந்து. போடுவது எளிது, தவறுவது அரிது என்பர். சைலேன் மன்னா ஒன்றைத் தவறவிட்டார். மகாவீர பிரசாத் மற்றொன்றைத் தவறவிட்டார். 70ஆம் நிமிடத்தில் மைசூர் அணியாட்டக்காரராகிய சாரங்கபாணி ராமன் பந்தை இலக்கிற் செலுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். நம் காதுக்குப் பழகிய பெயர் ஒன்று அவ்விடத்து ஒலித்ததில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இலக்கைக் காத்து நின்றவரும் வரதராஜ் என்னும் மைசூர் அணியினரே. ஆட்டம் முடியும் தறுவாயில், 89ஆம் நிமிடத்தில், பிரெஞ்சுக்காரர் மற்றுமொரு கோல் இட்டு 2-1 என வென்றனர். இந்தியா விழாவினின்று நீங்கியது. ஒரே ஆட்டம், அவ்வளவே. ஆகஸ்டு 12ஆம் நாள் ஹாக்கி அணியினர் பிரிட்டனையே 4-0 என வென்று பொற்பதக்கம் கொண்டபொழுது, காற்பந்து அணியின் நினைவு மக்கள் உள்ளத்தினின்றும் மறைந்ததில் வியப்பில்லை.

மறையாமல் நின்றது ஒன்றே. உம் அணியினர் பூட்ஸ் இன்றி ஆடுவானேன் என்று இலண்டன் செய்தியாளர் வினவ, யாங்கள் ஆடுவது காலால் ஆடும் பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸால் ஆடும் பந்து என்னும் பொருள்பட ஆவோ விடை கூறினார் என்பர். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாற்றத்தால் அமைந்த சிலேடை அது. தமிழில் அவ்வண்ணம் வாராது. ஆயின் தமிழ் மாணவர்க்கு அதில் வேறொரு சுவை உண்டு. ‘காற்பந்து’ என்பதனை எம் இலக்கண வகுப்பில் விரிக்கச் சொன்னால், ‘காலால் ஆடும் பந்து’ என விரித்து, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்போம். அத்தொகையில் காலுக்கும் பந்துக்கும் நடுவே தோலுக்கு இடமில்லை. ஆவோ தமிழ் அறியார். எனினும் அவர் விடை நம் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துகிறது!

இலக்கணம் ஒருபுறம் இருக்க, ஆட்டத்தின் நன்மை தீமையைப் பற்றி உண்மை பேசுதல் வேண்டும். உலர்ந்த களத்தில் வெறுங்கால் பந்தைத் தொட்டுணரும். விரலால் திருப்பவும் வளைக்கவும் இயலும். ஈரக்களத்திலோ வழுக்கும், குளிரில் மரத்துப்போகும், எதிரியின் பூட்ஸ் பட்டால் நோகும். 1952இல் ஹெல்சிங்கி நகரின் குளிரில் யுகோஸ்லாவியரிடம் 10-1 எனத் தோற்றபின், நம் ஆட்டத் தலைவர்கள் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கினர். ஆவோவின் விடையைப் பெருமையாக எழுதுவோர் இத்தோல்வியை எழுதுவதில்லை.

இலண்டனில் உள்ள ஆர்சனல் கழகத்தார் ஆவோவைத் தம்முடன் சேர அழைத்தனர் என்றும், அவர் மறுத்தனர் என்றும் பலரும் எழுதியிருக்கின்றனர். அவர் தாய்நாடு திரும்பினார். மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பினார். இதுவே நாம் பற்றிக்கொள்ள வேண்டிய செய்தி. அவர் 1942இல் அக்கல்லூரியிற் புகுந்தவர், எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றது 1950இல். எட்டு ஆண்டுகள்! இவ்வெண்ணைக் கண்டபொழுது எம் அறைத் தோழரின் மூன்று இரவுகள் நினைவுக்கு வந்தன. தலைநாள் முதல் இறுதி வரை இரண்டையும் இடரின்றி நடத்தினார் என்று எழுதினால் கேட்க இனிதாயிருக்கும். அவ்வாறு எழுத எமக்கு மனம் வரவில்லை. காலத்தை எட்டாண்டுகளாகச் செலவிட்டார்; ஆனால் தந்தையிடம் பட்ட கடனைச் செலவிடவில்லை.

1951இல் புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. இந்தியக் காற்பந்து அணி, இறுதி ஆட்டத்தில் மேவாலால் இட்ட ஒரே கோலால் ஈரானை வென்று பொற்பதக்கம் பெற்றது. தலைமை தாங்கியவர் இலண்டனில் பெனால்டியைத் தவறவிட்ட அதே சைலேன் மன்னா. ஆவோ அவ்வணியில் இல்லை. பட்டம் பெற்றபின் அஸ்ஸாமின் திப்ருகர் நகரில் மருத்துவப் பணி பயின்று, 1953இல் கோஹிமா மருத்துவமனையில் துணைச் சிவில் சர்ஜன் ஆனார். அவ்வூரின் நிலையை மேலே கூறினோம். போரில் இடிந்த ஊர், மலைப்பாதைகள், பல மொழி பேசும் பல குலத்தார், அரசியற் கலகமும் துப்பாக்கியும் மலிந்த ஆண்டுகள். கல்கத்தாவில் திடல் நிறைந்த மக்கள் ஆரவாரித்த ஒருவர், அங்கே வரிசையில் நிற்கும் நோயாளரை ஒவ்வொருவராக அழைத்து நாடி பார்த்தார். 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதன் சுகாதாரத் துறைக்கு இயக்குநராகிப் பணியாற்றி, 1978இல் ஓய்வு பெற்றார்.

கூட்டிப் பார்ப்போம். பெரிய களங்களில் அவர் ஆடியது பத்தாண்டுக்கும் குறைவு. மருத்துவராக உழைத்தது கால் நூற்றாண்டுக்கும் மேல். ஆயினும் அவரைப் பற்றி எழுதப்பெற்ற கட்டுரைகளைப் புரட்டினால், முக்காற் பங்கு வெறுங்காலும் சிலேடையுமாகவே இருக்கிறது. மருத்துவமனையைப் பற்றி ஒரு வரி, பதவியின் பெயர், ஓய்வு பெற்ற ஆண்டு, அத்துடன் முடிந்தது. இது எமக்குச் சிறிது வருத்தமே. எக்கணக்கிலும் ஏறாத இடைவரிசையில் நின்றவருக்கு, வாழ்க்கையிலும் அவ்விடமே கிடைத்ததுபோலும்.

எம்மூர் இவ்வகையில் நற்பேறு பெற்றது. டி. எஸ். சௌந்தரம் அம்மையார் செல்வக் குடியில் பிறந்தவர்; இளமையில் கணவரை இழந்தவர்; 1936இல் டில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றவர். நகரில் மருத்துவம் பார்த்துச் செழிப்பாக வாழ்ந்திருக்கலாம். 1947இல் தம் துணைவர் ஜி. இராமச்சந்திரனாரோடு சின்னாளபட்டிக்கு அருகே வந்து, காந்திகிராமத்தைத் தோற்றுவித்து, சிறிய மருத்துவ விடுதியொன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனையாயிற்று. எம்மூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அங்கே பிறவாத குழந்தைகளைக் காண்பது அரிது. பந்தாடிய அச்சிறுவருட் பலரும் அங்கே பிறந்தவர்களே. அவர்கள் அம்மையாரை அறிவர். கோஹிமாவின் சிறுவர் ஆவோவை மருத்துவராக அறிவரோ, ஆட்டக்காரராக அறிவரோ?

ஆவோ 1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள், எண்பதாம் வயதில் காலமானார். அஸ்ஸாமின் கலியாபோரில் ஓர் ஆட்டத்திடல் அவர் பெயர் தாங்குகிறது. அவர் பயின்ற காட்டன் கல்லூரியிலும் ஓர் உள்ளரங்கம் உண்டு. வடகிழக்கு மாநிலங்களின் அணிகள் அவர் பெயரால் அமைந்த கோப்பைக்காக ஆடுகின்றன. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 2018இல் அஞ்சல் தலையும் வெளியாயிற்று.

இக்கட்டுரையின் முதற்படியை எழுதி முடித்த மாலை, மீண்டும் அவ்வெளிக்குச் சென்றோம். ஆட்டம் ஓய்ந்து சிறுவர் தம் செருப்புக் குவியல்களின் மேல் அமர்ந்திருந்தனர். ஆவோவின் கதையைச் சுருக்கிச் சொன்னோம். துணிப்பந்தைக் கேட்டுச் சிரித்தனர்; கொடியைக் கேட்டு நிமிர்ந்தனர்; டாக்டர் ஆனதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருள் இளையவன் மட்டும் நெடுநேரம் எதையோ எண்ணியிருந்து, “அண்ணே, அந்த ரெண்டு பெனால்டியையும் அவரே அடிச்சிருக்கலாம்ல?” என்றான். மறுமொழி கூறத் தெரியாமல் நின்றோம். அதற்குள் வேறொருவன் செருப்பை மீண்டும் குவிக்கத் தொடங்கிவிட்டான். எம்மையும் ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொண்டனர், பூட்ஸைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்னும் நிபந்தனையோடு.